வெள்ளம் வந்த கதையும் மண் பலகை சொன்ன கணக்கும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"வேலை, சம்பளம், எதிர்காலம் பற்றியெல்லாம் பேச நிறையப் பேர் இருக்காங்க. நீங்க வேற ஏதாவது சொல்லுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். எனக்கு ஓய்வு நேரத்தில் பழைய நாகரிகங்களைப் பற்றிப் படிக்கும் பழக்கம் உண்டு. ஆகவே இன்று உங்களிடம் ஒரு பழைய கதையைச் சொல்லப் போகிறேன். கதைக்குள்ளே ஒரு கணக்கும் இருக்கிறது. பொறியியல் படித்தவர்கள் கூடியிருக்கும் சபையில் கணக்கு இல்லாமல் பேசினால் நன்றாக இருக்காது, இல்லீங்களா?

உலகத்தை வெள்ளம் மூழ்கடித்தது. ஒரே ஒரு நல்லவன் படகு கட்டித் தப்பினான். இந்தக் கதை யாருக்குத்தான் தெரியாது? பைபிளில் நோவா. குர்ஆனில் நூஹ் நபி. நம் நாட்டில் சதபத பிராமணத்தில் மனுவும் மீனும். இந்தக் கதைகளில் பழையது எது, அது எங்கே பிறந்தது என்ற கேள்விக்கு எழுத்துச் சான்று கிடைத்த இடம் இன்றைய இராக். அந்தக் காலத்து மெசபடோமியா. டைகிரிஸ், யூப்ரடீஸ் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே உள்ள வண்டல் பூமி.

அங்கே கல் கிடையாது, நல்ல மரம் கிடையாது. களிமண்தான் உண்டு. வீடு கட்டியதும் களிமண்ணில், எழுதியதும் களிமண்ணில். ஈரக் களிமண்ணைப் பலகையாகத் தட்டி, நாணல் குச்சியின் முனையால் அழுத்தினால் ஆப்பு வடிவத்தில் பள்ளம் விழும். அதுதான் ஆப்பெழுத்து. கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் அசீரிய மன்னன் அசுர்பானிபால், நினிவே நகரத்தில் இப்படிப்பட்ட பலகைகளைத் திரட்டி ஒரு பெரிய நூலகம் வைத்தான். கி.மு. 612-இல் எதிரிகள் நினிவேயைக் கொளுத்தினார்கள். காகிதமோ ஓலையோ ஆக இருந்தால் சாம்பல்தான் மிஞ்சியிருக்கும். ஆனால் களிமண்ணுக்குத் தீ என்ன செய்யும்? சூளையில் வைத்த செங்கல் மாதிரி சுட்டுக் கெட்டியாக்கியது. நகரத்தை அழித்த தீயே நூல்களைக் காப்பாற்றிக் கொடுத்தது.

1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லேயார்ட் என்ற ஆங்கிலேயரும், மோசுல் நகரைச் சேர்ந்த ஹோர்முஸ்த் ரஸ்ஸாமும் தோண்டியபோது இந்தப் பலகைகள் வெளிவந்தன. உடைந்த துண்டுகளையும் சேர்த்து சுமார் 30,000 இருக்கும். பெட்டி பெட்டியாக லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போயின. போனால் போதுமா? படிக்க ஆள் வேண்டுமே!

இங்கே மாணவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். செத்துப்போன மொழி, யாருக்கும் தெரியாத எழுத்து. "நான் படித்துவிட்டேன்" என்று ஒருவர் சொன்னால் அதை எப்படி நம்புவது? 1857-இல் லண்டன் ராயல் ஆசியச் சங்கம் ஒரு பரீட்சை வைத்தது. புதிதாகக் கிடைத்த ஒரே கல்வெட்டு வாசகத்தை ராலின்சன், ஹிங்க்ஸ், டால்பட், ஓப்பர்ட் என்ற நான்கு அறிஞர்கள் ஒருவரையொருவர் கலக்காமல் தனித்தனியே மொழிபெயர்த்து, உறையில் இட்டு முத்திரை வைத்து அனுப்பினார்கள். குழு ஒன்று உறைகளைப் பிரித்துப் பார்த்தது. நான்கும் முக்கியமான இடங்களில் ஒத்துப்போயின. ஆப்பெழுத்து படிக்கப்பட்டுவிட்டது என்று அன்றைக்குத்தான் உலகம் ஏற்றுக்கொண்டது. நம் லேபில் ஒரே மாதிரியை நான்கு பேர் தனித்தனியாகச் சோதிப்பதற்கும் இதற்கும் ஏதாவது வித்தியாசம் உண்டா?

அடுத்து வருகிறவர் ஜார்ஜ் ஸ்மித். 1840-இல் லண்டனில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. 14 வயதில் பண நோட்டு அச்சிடுவதற்கான தகடு செதுக்கும் தொழிலுக்குப் பழகப் போனார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அருங்காட்சியகத்துக்கு ஓடி வந்து மண் பலகைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். நுணுக்கமான கோடுகளைச் செதுக்கிப் பழகிய கண் அல்லவா! பண்டிதர்கள் தவறவிட்டதை அந்தக் கண் பிடித்தது. உடைந்த துண்டுகளைப் பொருத்துவதில் அவருக்கு நிகர் யாருமில்லை என்று ஆனபிறகு அருங்காட்சியகமே அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது.

1872-ஆம் ஆண்டு. சுமார் ஆறு அங்குல உயரமுள்ள ஒரு பலகைத் துண்டைப் படித்துக்கொண்டிருக்கிறார். மலையில் ஒரு கப்பல் தங்குகிறது. ஒரு புறாவை வெளியே விடுகிறார்கள். அது கால் வைக்க இடமில்லாமல் திரும்பி வருகிறது. ஸ்மித்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. நோவா கதை, அசீரியப் பலகையில்! சந்தோஷம் தாங்காமல் அறைக்குள் ஓடினார், சட்டையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார் என்று சொல்வார்கள். அதே ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி அவர் இந்தக் கண்டுபிடிப்பை ஒரு கூட்டத்தில் அறிவித்தார். பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டனே வந்து உட்கார்ந்து கேட்டார்.

அந்தப் பலகை, கில்காமேஷ் காவியத்தின் பதினொன்றாவது பலகை. உருக் நகரத்து அரசன் கில்காமேஷ். உயிர் நண்பன் என்கிடு இறந்துபோனதும், சாகாமல் இருக்க வழி தேடிப் புறப்படுகிறான். வெள்ளத்தில் தப்பி, சாகாவரம் பெற்ற உத்னபிஷ்டிம் என்பவரைக் கண்டுபிடிக்கிறான். அவர் தன் கதையைச் சொல்கிறார். புறா, தகைவிலான் குருவி, காக்கை என்று மூன்றை வெளியே விட்ட கதை. கடைசியில் கில்காமேஷுக்குச் சாகாவரம் கிடைக்கவில்லை. ஊர் திரும்பி, தான் கட்டிய நகரத்து மதில் சுவரைக் காட்டுகிறான். மனிதனுக்கு மிஞ்சுவது அவன் செய்த வேலைதான் என்று நான் அதற்குப் பொருள் கொள்கிறேன்.

பலகையில் கொஞ்சம் உடைந்து போயிருந்தது. டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை 1,000 கினி கொடுத்து, "போய் மீதியைக் கண்டுபிடியுங்கள்" என்று ஸ்மித்தை அனுப்பியது. ஆயிரமாயிரம் துண்டுகள் கிடக்கும் மேட்டில் விட்டுப்போன துண்டைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுகிற வேலை. ஆனால் 1873 மே மாதம், தோண்ட ஆரம்பித்துச் சில நாட்களிலேயே வெள்ளக் கதைத் துண்டு ஒன்று அவர் கையில் கிடைத்தது! பிற்காலத்தில்தான் தெரிந்தது, அது வேறொரு நூலைச் சேர்ந்தது என்று. அதாவது வெள்ளக் கதை ஒரு நூலில் மட்டும் இல்லை. அத்ராஹாசிஸ் என்ற இன்னும் பழைய காவியத்திலும் இருந்தது. அதில், மனிதர்கள் பெருகிப்போய் ஓயாமல் சத்தம் போடுகிறார்கள், தூங்க முடியவில்லை என்று கோபப்பட்டுத்தான் தேவன் வெள்ளத்தை அனுப்புகிறான். நம் ஆஸ்டல் வார்டனுக்கும் பல நாள் அந்த எண்ணம் வந்திருக்கும்!

ஸ்மித், 1876-இல் மூன்றாவது முறை அந்தப் பக்கம் போனபோது சீதபேதி கண்டு அலெப்போ நகரத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 36. என்னைப் போன்ற முப்பதுகளில் இருப்பவர்கள் அந்த வயதை நினைத்துப் பார்க்கலாம்.

இனி, நான் சொன்ன கணக்குக்கு வருகிறேன்.

1985-இல் ஒருவர், தன் தந்தை சேகரித்து வைத்திருந்த மண் பலகை ஒன்றைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொண்டு வந்தார். கைப்பேசி அளவுதான் இருக்கும். முன்னும் பின்னுமாக 60 வரிகள். கி.மு. 1900-க்கும் 1700-க்கும் இடைப்பட்டது. அங்கே ஆப்பெழுத்து நிபுணராக இருந்த இர்விங் ஃபிங்கல் அதை முழுவதும் படித்து, 2014-இல் நூலாக வெளியிட்டார். அந்தப் பலகையில் கடவுள், படகு கட்டுவதற்கான விவரக் குறிப்பே கொடுக்கிறார். நம் பாஷையில் சொன்னால் ஸ்பெசிஃபிகேஷன். படகு எப்படி இருக்க வேண்டும் தெரியுமா? வட்டமாக!

நம் ஊரில் ஒகேனக்கல் போனவர்கள் எல்லாரும் பரிசல் பார்த்திருப்பீர்கள். மூங்கில் பின்னி, அந்தக் காலத்தில் தோல் போர்த்தி, இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் போட்டு ஓட்டுகிறார்களே, அதன் உறவுக்காரன்தான் டைகிரிஸ் ஆற்றில் ஓடிய குஃப்பா. கயிற்றைக் கூடை போலச் சுருட்டிச் சுருட்டிப் பின்னி, உள்ளே மரக் கட்டங்கள் வைத்து, மேலே தார் பூசுவார்கள். தார் அந்த நாட்டில் பூமியிலிருந்து தானாகவே ஊறி வரும். இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் பாக்தாதில் குஃப்பா ஓடிக்கொண்டிருந்தது. பலகை சொல்லும் படகு இதேதான். ஆனால் அளவு மட்டும் ராட்சச அளவு.

அடிப்பரப்பு ஓர் 'இக்கு'. அதாவது 3,600 சதுர மீட்டர். சுவர் உயரம் 6 மீட்டர். தம்பிகளே, மனக்கணக்கு போடுங்கள். வட்டத்தின் பரப்பு 3,600 என்றால் விட்டம் கிட்டத்தட்ட 68 மீட்டர். அடிப்பாகம் 3,600, மேல்மூடி இன்னொரு 3,600, சுற்றுச் சுவரை நேராக வைத்துக்கொண்டால் சுமார் 1,280. ஆக மொத்தம் 8,480 சதுர மீட்டர். கயிறு ஒரு விரல் தடிமன், பாபிலோனிய அளவில் 1.66 சென்டிமீட்டர், என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் கயிற்றின் கொள்ளளவு சுமார் 141 கன மீட்டர் வருகிறது.

இப்போது பலகை என்ன சொல்கிறது? படகுக்குத் தேவையான பனை நார்க் கயிறு 14,430 'சூத்து'. சூத்து என்பது நம் மரக்கால் மாதிரி ஒரு முகத்தல் அளவை. சுமார் 10 லிட்டர். ஆக 1,44,300 லிட்டர். அதாவது 144.3 கன மீட்டர். 141 எங்கே, 144 எங்கே! சுவரைப் பரிசல் போல வெளிப்பக்கம் வளைத்து ஃபிங்கலும் ஒரு கணித அறிஞரும் போட்ட கணக்கில் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான். அந்தக் கயிற்றை நேராக நீட்டினால் சுமார் 527 கிலோமீட்டர். சென்னையில் ஒரு முனையைக் கட்டினால் மறுமுனை கோயம்புத்தூரைத் தாண்டிப் போகும்.

சபையில் கைதட்டல் கேட்கிறது. மகிழ்ச்சி. ஆனால் இந்த இடத்தில்தான் நாம் எல்லாரும் கவனமாக இருக்க வேண்டும். கணக்கு இவ்வளவு துல்லியமாக இருக்கிறதே, அப்படியானால் அந்தப் படகு உண்மையில் கட்டப்பட்டதுதான் என்று உடனே மனசு சொல்கிறது. கணக்கு சரியாக இருப்பது வேறு. சம்பவம் நடந்தது வேறு. பாபிலோனியப் பள்ளிகளில் எழுத்தர்களுக்கு அறுபதை அடிப்படையாகக் கொண்ட கணிதம் கடுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை என்பதெல்லாம் அந்தக் கணித மரபின் சொத்து. வாத்தியார், கதையில் வரும் படகை வைத்து மாணவர்களுக்கு ஒரு கணக்கு கொடுத்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. பலகை நிரூபிப்பது வெள்ளத்தை அல்ல. கணிதம் தெரிந்த ஓர் எழுத்தரை.

படகு மிதக்குமா என்றும் பார்த்துவிட்டார்கள். கேரளத்துக் காயலில், அந்த அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விட்டத்தில் ஒரு பரிசல் கட்டினார்கள். நீர் கசிந்தது, ஆனாலும் மிதந்தது. முழு அளவில் கட்ட யாரும் துணியவில்லை. காரணம் நமக்குத் தெரியாததா? அளவை ஐந்து மடங்கு பெருக்கினால் எடை 125 மடங்கு கூடும். வெட்டுப் பரப்பு 25 மடங்குதான் கூடும். நார்க் கயிறு அதைத் தாங்காது. முதலாண்டிலேயே படித்த பாடம்.

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். காலப்போக்கில் படகின் வடிவம் மாறுகிறது. பழைய பலகையில் வட்டம். கில்காமேஷ் காவியத்தில் பக்கத்துக்கு 120 முழம் உள்ள கனசதுரம். பைபிளில் 300 முழம் நீளம், 50 முழம் அகலம், 30 முழம் உயரம் உள்ள பெட்டி. அடிப்பரப்பைப் பெருக்கிப் பாருங்கள். 120 தரம் 120, 14,400. 300 தரம் 50, 15,000. வடிவம் மாறியும் அடிப்பரப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது! ஒரு கதை கை மாறும்போது எது மாறும், எது மாறாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, வெள்ளமே வரவில்லையா? வந்தது. ஒன்றல்ல, பல. 1929-இல் ஊர் என்ற பழைய நகரத்தில் தோண்டிக்கொண்டிருந்த லியோனார்ட் வூலி, 10 அடி கனத்துக்கு மேல் சுத்தமான வண்டல் படிவைக் கண்டார். அதற்குக் கீழே மறுபடியும் பானை ஓடுகள். உலகத்தையே அழித்த வெள்ளம் கிடைத்துவிட்டது என்று பத்திரிகைகள் கொண்டாடின. கிஷ் நகரத்திலும் வண்டல் படிவு கிடைத்தது. ஷுருப்பக் நகரத்திலும் கிடைத்தது. ஆனால் காலம் ஒத்துவரவில்லை. ஊர் நகரத்து வண்டல் கி.மு. 3500-க்கும் முந்தியது, ஷுருப்பக்கில் கி.மு. 2900-ஐ ஒட்டியது. ஊர் நகரத்துக்குப் பக்கத்திலேயே உள்ள எரிதுவில் அப்படிப்பட்ட படிவே இல்லை. ஆகவே உலகம் முழுதும் மூடிய ஒரே வெள்ளம் அல்ல. அந்தந்த ஊரை அந்தந்தக் காலத்தில் அழித்த ஆற்று வெள்ளங்கள். அங்கே பனி உருகி, பயிர் அறுவடைக்கு நிற்கும் நேரத்தில்தான் ஆறு பெருகும். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர் என்றால், அந்த விவசாயிக்கு அதுதானே உலகம்? 2015 டிசம்பரில் சென்னையில் மொட்டை மாடியில் நின்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நம் கடல்கோள் என்னாயிற்று என்று சில நண்பர்கள் கேட்கப் போகிறீர்கள். தெரியும், நானே சொல்லிவிடுகிறேன். இறையனார் களவியல் உரை மூன்று சங்கங்களைப் பற்றிச் சொல்கிறது. முதற்சங்கம் 4,440 ஆண்டு, இடைச்சங்கம் 3,700 ஆண்டு, கடைச்சங்கம் 1,850 ஆண்டு. மூன்றையும் 37-ஆல் வகுத்துப் பாருங்கள். 120, 100, 50. மீதியே இல்லை. இயற்கையில் நடந்த காலம் இப்படி ஒழுங்காக வகுபடாது. ஓர் ஆசிரியர் அமைத்த எண்தான் இப்படி வகுபடும். இதனால் கடல் பொங்கவே இல்லை என்றா அர்த்தம்? இல்லை. 2004 டிசம்பர் 26-ஐ நாம் பார்த்தோம். கடல் ஊரைக் கொண்டுபோகும் என்பது நம் முன்னோர்க்கும் தெரிந்திருந்தது. அந்த நினைவு உண்மை. அதற்குப் போட்ட ஆண்டுக் கணக்கு இலக்கியம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதால் தமிழுக்கு ஒரு குறைவும் வந்துவிடாது.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? நம் கைப்பேசியில் தினமும் வந்து விழும் செய்திகளைப் பாருங்கள். "நாசா நிரூபித்துவிட்டது", "பிரமிடை வேற்றுக்கிரகவாசிகள் கட்டினார்கள்", "நம் முன்னோர் விமானம் ஓட்டினார்கள்". அனுப்புகிறவர் பாதிப் பேர் பொறியியல் பட்டதாரிகள்! அலுவலகத்தில் ஒரு டிராயிங்கில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எத்தனை தரம் சரிபார்க்கிறோம்? அதே ஆள் வீட்டுக்கு வந்ததும் எதையும் பார்க்காமல் அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறார். இன்னொரு கூட்டம் எதிர்ப்பக்கம் போகிறது. "எல்லாம் கட்டுக்கதை, தூக்கிப் போடு" என்கிறது. ஸ்மித் காலத்தில் யாராவது அப்படித் தூக்கிப் போட்டிருந்தால், இந்தப் பலகை நமக்குக் கிடைத்திருக்குமா? புராணத்தை அப்படியே நம்புவதும் சோம்பேறித்தனம். அப்படியே தள்ளுவதும் சோம்பேறித்தனம். நடுவில் இருப்பதுதான் வேலை.

அந்த வேலைக்குச் சான்று மண்ணில் இருக்க வேண்டும். அதுதான் இன்று ஆபத்தில் இருக்கிறது. 2003-இல் பாக்தாத் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. 2015-இல் மோசுல் அருங்காட்சியகத்துச் சிலைகளையும் நினிவே வாயிலில் நின்ற சிறகுக் காளையையும் தீவிரவாதிகள் சம்மட்டியால் உடைத்தார்கள். அடுத்த ஆண்டு நினிவேயின் வாயில்களையே இடித்தார்கள். கில்காமேஷின் கனவைச் சொல்லும் ஒரு பலகை திருட்டுத்தனமாக வெளியே போய், 2014-இல் 16 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்கு விலைபோனது. அமெரிக்க அரசு கைப்பற்றி 2021-இல் இராக்குக்குத் திருப்பிக் கொடுத்தது. பலகை திரும்பி வந்தது. ஆனால் அது எந்த ஊரில், எந்த அறையில், எந்த மண் அடுக்கில் கிடந்தது என்ற தகவல் வரவில்லை. இனி வரவும் வராது. பொருளை விடப் பெரிய நஷ்டம் அதுதான்.

நல்ல செய்தியும் உண்டு. 2022-இல், இடிக்கப்பட்ட மஷ்கி வாயிலைச் சீர்படுத்தப் போனவர்கள், மண்ணுக்கடியில் சுமார் 2,700 ஆண்டுப் பழைய சிற்பப் பலகைகளைக் கண்டார்கள். இடித்தவர்களின் கை அதுவரை எட்டவில்லை.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக்கு நீங்கள் சாலை போடுவீர்கள், அஸ்திவாரம் தோண்டுவீர்கள், குழாய் பதிப்பீர்கள். இந்த நாட்டில் தொல்லியல் துறையை விட அதிகம் மண்ணைத் தோண்டுகிறவர்கள் நாம்தான். பொக்லைன் வாளியில் பழைய பானை ஓடோ, பெரிய செங்கல்லோ, எழுத்துப் போட்ட கல்லோ வந்தால் வேலை தாமதமாகிவிடுமே என்று மூடிவிடாதீர்கள். அந்த இடத்தைப் படம் எடுங்கள், ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், தொல்லியல் துறைக்கும் வருவாய்த்துறைக்கும் சொல்லுங்கள். ஒரு வாரம் தாமதம் ஆகலாம். அந்த மண் அடுக்கு கலைந்துபோனால் ஒரு கோடி கொடுத்தாலும் திரும்ப அடுக்க முடியாது.

 சாப்பாடு தயாராக இருப்பதாகச் செயலாளர் சைகை காட்டுகிறார். பந்தியில் 37-ஆல் வகுத்துப் பார்க்க வேண்டாம். எல்லாருக்கும் இலை உண்டு. வணக்கம்.